புகார் செய்த பிள்ளைக்கு அன்றிரவு யார் துணை?

2023 ஆகஸ்ட் மாதத்தில், ஏறத்தாழ பதினைந்து நாட்களுக்குள், நாட்டின் மூன்று திசைகளில் மூன்று நிகழ்வுகள் நடந்தேறின. ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் 2 பயின்ற தலித் மாணவர் ஒருவரின் வீட்டுக்குள், அவருடன் ஒரே பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் அரிவாளுடன் புகுந்தனர். அவரை வெட்டினர், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதே இரவில், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதி மாடியிலிருந்து 17 வயது மாணவர் ஒருவர் கீழே விழுந்தார். வங்க இலக்கியம் பயில வந்து சில நாட்களே ஆகியிருந்த அவர் மறுநாள் உயிரிழந்தார். ராகிங் கொடுமை தொடர்பாக அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள், இந்நாள் மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 24 அன்று, உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில், குப்பாபூர் கிராமத்துத் தனியார் பள்ளியொன்றில், ஏழு வயது முஸ்லிம் சிறுவனை ஒருவர்பின் ஒருவராக வந்து அறையும்படி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியையே கட்டளையிட்டார். அக்காட்சி காணொளியாக நாடெங்கும் பரவியது.

மூன்றையும் மூன்று தனித்தனிச் செய்திகளாகப் படித்து மறப்பது எளிது. முதலாவதைச் சாதி வெறி என்றும், இரண்டாவதை விடுதிக் கொடுமை என்றும், மூன்றாவதை மதவெறி என்றும் பிரித்து அடுக்கிவிடலாம். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாத இருட்டில் இவற்றுள் எதுவும் தொடங்கவில்லை. நாங்குநேரி மாணவர் தொடர் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். காரணம் கேட்கப்பட்டபோது சொன்னார். பள்ளியில் புகார் பதிவான பிறகே அவர் வீடு தேடி அரிவாள் வந்தது. ஜாதவ்பூர் மாணவர் அன்றிரவு தொலைபேசியில் தாயிடம் தம் அச்சத்தைத் தெரிவித்ததாகக் குடும்பத்தினர் கூறினர். குப்பாபூரிலோ, காக்க வேண்டிய பெரியவரே வன்முறையின் அமைப்பாளராக இருந்தார்.

"எது நடந்தாலும் பெரியவர்களிடம் சொல்" என்பதே பிள்ளைகளுக்கு நாம் காலங்காலமாக வழங்கிவரும் அறிவுரை. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு விடை வைத்திராத நிலையில் அந்த அறிவுரை பிள்ளையை ஆபத்துக்குள் தள்ளுவதாகவும் ஆகிவிடக்கூடும். மாலைநேரப் படிப்பு மையங்களிலும், நூலகங்களிலும், மாணவர் இளைஞர் அமைப்புகளிலும் பிள்ளைகளோடு பழகும் தோழர்கள் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.

சொல்லில் ஒளியும் வன்முறை

இக்கொடுமையைக் குறிக்க அன்றாடப் பேச்சில் வழங்கும் சொற்களைப் பார்த்தால் சமூகத்தின் மனநிலை விளங்கும். கேலி, கிண்டல், சீண்டல், வம்பு, கலாய்ப்பு: எல்லாமே விளையாட்டின் சாயல் கொண்டவை. "விளையாட்டுக்குத்தான் செய்தான்" என்ற ஒரு வாக்கியத்தால் எத்தனையோ புகார்கள் பள்ளி வராந்தாவிலேயே முடித்துவைக்கப்படுகின்றன. மறுமுனையில் 'கொடுமை' என்ற சொல் இருக்கிறது; இரத்தம் சிந்திய பிறகே அதைப் பயன்படுத்த மனம் வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தில், ஒரு பிள்ளை நாள்தோறும் சிறுமைப்படும் அந்தக் காலத்தில், அதனைச் சுட்டப் பெயரில்லை. இலங்கைத் தமிழ் வழக்கில் ராகிங்கைக் குறிக்கும் 'பகடிவதை' என்ற சொல் இவ்விடத்தில் பொருத்தமானது. பகடியாகத் தோன்றுவதற்குள் வதை இருக்கிறது என்பதை அச்சொல் ஒரே மூச்சில் உணர்த்திவிடுகிறது.

நட்பில் கேலி உண்டு; அதைக் குற்றமாக்க யாரும் கோரவில்லை. வேறுபாட்டைக் கண்டறிவதும் கடினமன்று. இருவரும் மாறிமாறிக் கேலி செய்ய முடிகிறதா? ஒருவர் "போதும்" என்றால் நிற்கிறதா? இவ்விரண்டுக்கும் "இல்லை" என்பது விடையானால் அங்கே நட்பு இல்லை, அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரம் பெரும்பாலும் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்ததன்று. ஊரில் யார் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வீடும் தெருவும் கற்பித்ததையே வகுப்பறையில் அவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள்.

மும்பையின் நாயர் மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரியில் முதுநிலை பயின்ற ஆதிவாசி முஸ்லிம் மருத்துவர் பாயல் தட்வி 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் மூவர் அவரைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்தியதாக வழக்குத் தொடரப்பட்டது. தாங்கள் முன்கூட்டியே முறையிட்டும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். அவர் தாய் ஆபேதா தட்வியும், ஹைதராபாத்தில் 2016 ஜனவரியில் உயிர்நீத்த ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலாவும் இணைந்து, உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி 2019இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். இரு தாய்மார்கள் நீதிமன்றப் படியேறிய பிறகே இதனை மாணவர்களின் 'மனவலிமைக் குறைவு' என்று ஒதுக்கிவிட முடியாது என்பது பொதுவிவாதத்தில் அழுத்தம் பெற்றது.

ஏட்டில் இருக்கும் வழிகாட்டி

சட்டங்களும் விதிகளும் நாட்டில் குறைவில்லை. சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்ட பின், 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2007இல் ஆர்.கே. ராகவன் குழு உச்ச நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர் அடித்துக் கொல்லப்பட்ட பின், அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் சடலம் இருக்கிறது.

அந்த 2009 விதிமுறைகளில் பலரும் கவனியாத ஒரு பகுதி உண்டு. புதிய மாணவர்கள் அறுவருக்கு ஒரு வழிகாட்டி, அத்தகைய வழிகாட்டிகள் அறுவருக்கு மேல்நிலை வழிகாட்டி ஒருவர் என்ற கணக்கில், விருப்பமுள்ள மாணவர்களைக் கொண்டு வழிகாட்டிக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது அப்பகுதி. நல்ல ஏற்பாடு. ஆனால் எத்தனை கல்லூரிகளில் ஒரு முதலாண்டு மாணவர் தம் வழிகாட்டியின் பெயரைச் சொல்ல முடியும்? சேர்க்கை நாளில் மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதோடு பல நிறுவனங்களின் கடமை முடிந்துவிடுகிறது. புதியவர்களைத் தனி விடுதியில் தங்கவைக்க வேண்டும் என்ற விதியும் அதே தொகுப்பில் இருக்கிறது. ஜாதவ்பூரில் இறந்த மாணவரோ மூத்த மாணவர்களும் படிப்பை முடித்தவர்களும் தங்கியிருந்த விடுதியில்தான் இருந்தார்.

பள்ளிகளுக்கும் இதே நிலை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவுவதாகக் கல்வி அமைய வேண்டும் என்கிறது. அச்சமின்றிப் பேசுவதைக் கல்வியின் பகுதியாகவே சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள். ஆனால் அச்சமின்றிப் பேசவைப்பதற்கு நேரமும் நிலைபெற்ற உறவும் தேவை. ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்துபோகும் ஆசிரியரிடமும், பல வகுப்புகளை ஒருசேரக் கவனிக்கும் ஓராசிரியரிடமும் அந்த நேரத்தை எதிர்பார்க்க முடியாது. நிரந்தர ஆசிரியர் நியமனம், ஒவ்வொரு பள்ளிக்கும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர், விடுதிகளுக்குப் பொறுப்பான காப்பாளர் ஆகிய கோரிக்கைகள் பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்புக் கோரிக்கைகளும் ஆகும். இவற்றை நிறைவேற்றாத நிர்வாகங்கள் கண்காணிப்புக் கேமராவை மட்டும் விரைந்து பொருத்துகின்றன. கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், பயந்து நிற்கும் பிள்ளையிடம் "என்ன ஆயிற்று?" என்று அது கேட்பதில்லை.

பேசுவது எப்படி?

"பள்ளி எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது" என்றே பிள்ளை சொல்லும். அது பதில் அன்று. பேச்சை முடித்துக்கொள்ளும் முறை. பிள்ளையைப் பற்றி நேரடியாகக் கேட்பதைவிட, இடத்தைப் பற்றிக் கேட்பது பயன் தரும். மதிய உணவின்போது யார் தனியாக உட்காருகிறார்கள்? பேருந்தில் எந்த இருக்கை யாருக்குக் கிடைக்காது? பள்ளியில் எந்தக் கழிப்பறைக்குப் போகப் பிள்ளைகள் தயங்குகிறார்கள்? எந்தத் தெரு வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்? இக்கேள்விகளுக்கு யாரையும் காட்டிக்கொடுக்காமல் விடை சொல்ல முடியும். சொல்லச் சொல்ல, அந்தப் பள்ளியின் அதிகார வரைபடம் வெளிப்பட்டுவிடும்.

சொல்லாத பிள்ளையின் உடலும் நடத்தையும் சில செய்திகளைச் சொல்லும். கழிப்பறைக்கு அஞ்சி நாள்முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி, அடிக்கடி 'தொலையும்' பேனாவும் நோட்டும், காரணமின்றி வழியை மாற்றுவது, கைபேசி ஒலித்தாலே முகம் மாறுவது ஆகியவை எச்சரிக்கைகளாக இருக்கக்கூடும். இவற்றுள் ஒன்றைக் கொண்டே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஆனால் ஒன்றையும் கவனியாமல் விடவும் கூடாது.

பிள்ளை வாய்திறக்கும் வேளையில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் மூன்று வாக்கியங்கள் அந்த வாயை மூடிவிடுகின்றன. "நீ என்ன செய்தாய்?" என்பது முதலாவது, அது பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. "கண்டுகொள்ளாதே" என்பது இரண்டாவது. அது தனியாகத் தாங்கிக்கொள் என்று பொருள்படுகிறது. "திருப்பி அடி" என்பது மூன்றாவது. பத்துப் பேரை எதிர்த்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது வீரத்தைத் தருவதில்லை, மேலும் ஒரு தோல்வியையே தருகிறது. இவற்றுக்கு மாறாக, "நீ சொன்னது நல்லது. இது உன் தவறில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்" என்ற எளிய சொற்கள் போதும். "அக்கா", "அண்ணா" என்று அழைக்கும் பிள்ளை எதிர்பார்ப்பதும் அந்தத் துணையைத்தான். ஒருமுறை சொன்னதைப் பலரிடம் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும், குற்றஞ்சாட்டப்பட்டவரை உடனே அழைத்து எதிரெதிரே நிறுத்தி "சமாதானம்" செய்விப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. சமநிலை இல்லாத இருவருக்கிடையே செய்யப்படும் சமாதானம் வலியவருக்கு வழங்கும் மன்னிப்புச் சீட்டேயாகும்.

ஒரு வாக்குறுதியை மட்டும் எந்த வழிகாட்டியும் தரக் கூடாது: "யாரிடமும் சொல்லமாட்டேன்." பாலியல் குற்றமானால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அதை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. "அமைப்புக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பதற்கு இங்கே இடமில்லை. எனவே தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: "உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உனக்குச் சொல்வேன்." பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பெற வேண்டும், காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்று அதே சட்டம் கூறுவதையும் வழிகாட்டி அறிந்திருத்தல் நலம், காவல் நிலையத்தில் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள் அவை.

கைபேசி வழியே வரும் மிரட்டல் இன்று தெருவைவிடப் பெரிய களமாகிவிட்டது. படத்தைச் சிதைத்துப் பரப்புவதாக மிரட்டப்படும் சிறுமிக்கு முதல் அச்சம் மிரட்டுபவனிடம் இல்லை. "போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்று வீட்டாரிடமே இருக்கிறது. அந்த அச்சமே மிரட்டுபவனின் மூலதனம். ஆகவே பெற்றோரிடம் பேச வேண்டியது பாதி வேலை. செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுதல், பணம் கொடுக்காதிருத்தல், மறுமொழி சொல்வதை நிறுத்துதல், உடனே புகார் செய்தல் என்ற நான்கையும் பிள்ளைகளுக்கு முன்னதாகவே கற்பிக்கலாம். குழந்தைகளுக்கு 1098, இணையவழிப் பணமோசடிக்கு 1930, ராகிங் புகாருக்கு 1800-180-5522, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்கள் ஒவ்வொரு படிப்பு மையத்தின் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

புகாருக்குப் பின் வரும் இரவு

புகார் என்பது ஒரு தாள். பாதுகாப்பு என்பது ஏற்பாடு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாங்குநேரி சாட்சி. புகார் அளிக்கும் முன்பே சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். புகாரை யார் படிப்பார்கள்? எதிர்த்தரப்புக்கு எப்போது தெரியவரும்? அன்றிரவு பிள்ளையும் உடன்பிறந்தாரும் எங்கே தங்குவார்கள்? மறுநாள் பள்ளிக்கு யாருடன் செல்வார்கள்? காவல் நிலையத்துக்குச் செய்தி போயிருக்கிறதா? சாதிக் கொடுமையாயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் அளிக்கும் பாதுகாப்பு உரிமைகள் கோரப்பட்டுள்ளனவா? புகார் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்புகை பெற வேண்டும். தொடர்ந்து கேட்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தனிக் குடும்பத்தால் இவ்வளவும் இயலாது. அமைப்பு என்பது இதற்காகத்தான்.

நாங்குநேரிக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை நீக்குதல், பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் நியமனம் முதலிய பரிந்துரைகள் அதில் இருந்தன. இவற்றைச் செயல்படுத்தக் கோருவது தமிழ்நாட்டுத் தோழர்களின் கடமை. பிற மாநிலங்களில் இதுபோன்ற குழுவை அமைக்கக் கோருவது மற்றவர்களின் கடமை. வெட்டுண்ட மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024 பிளஸ் 2 தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவர் மனவுறுதி போற்றத்தக்கது. ஆனால் எந்தப் பிள்ளையின் கல்விக்கும் அத்தகைய உறுதி முன்நிபந்தனையாக இருக்கலாகாது.

அடிப்பவரும் பார்ப்பவரும்

குப்பாபூர் வழக்கை, துஷார் காந்தியின் மனுவின் பேரில் விசாரித்த உச்ச நீதிமன்றம், அறையப்பட்ட சிறுவனுக்கு மட்டுமன்றி, அறைந்த பிள்ளைகளுக்கும் உளவியல் ஆலோசனை அளிக்கப்பட வேண்டும் என்றது. இது கவனத்திற்குரியது. கட்டளைக்குப் பணிந்து சக மாணவனை அறைந்த பிஞ்சுக் கைகளும் அன்று சேதமடைந்தன. நாளைய கும்பல் வன்முறைக்கான பயிற்சி அங்கே வழங்கப்பட்டது. வெறுப்பைப் பாடமாக்க முனையும் சங் பரிவார் அரசியலை எதிர்ப்பதும், அடித்த பிள்ளையோடு அமர்ந்து பேசுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள். அடித்தவனை வெறுத்து ஒதுக்கினால் அவனைச் சாதிச் சங்கமோ மதவெறி அமைப்போ அணைத்துக்கொள்ளும். செய்ததற்குப் பொறுப்பேற்கச் செய்வதும், அவனைக் கைவிடாதிருப்பதும் ஒருசேர நடக்க வேண்டும்.

எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களே. அவர்களிடம் வீரச்செயலைக் கோர வேண்டியதில்லை. சிரிக்காமல் இருப்பது, காணொளியைப் பகிராமல் இருப்பது, பின்னர் போய் அருகில் உட்காருவது, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் தெரிவிப்பது ஆகியவற்றை எந்தப் பிள்ளையாலும் செய்ய முடியும். ஒற்றுமை என்ற பெரிய சொல்லின் முதல் பாடம் இதுதான்.

நம் வீட்டு முற்றம்

இப்பணியைக் கையிலெடுக்கும் இடதுசாரி அமைப்புகள் தம்மையும் பரிசீலிக்கக் கடமைப்பட்டவை. ஜாதவ்பூர், இடதுசாரி மாணவர் அரசியல் வேரூன்றிய வளாகம். 2024 பிப்ரவரியில் கேரளத்தின் வயநாடு மாவட்டம் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் மாணவர் ஒருவர் இறந்த வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் இடதுசாரி மாணவர் அமைப்பின் பொறுப்பாளர்களும் இருந்தனர். வலதுசாரிகள் இதை அரசியல் ஆதாயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. அதைச் சுட்டிக்காட்டுவதால் மட்டும் கேள்வி மறைந்துவிடாது. சமத்துவம் பேசும் கொடி, அதை ஏந்தியவரின் கைக்குள் இருக்கும் அதிகார வேட்கையைத் தானாக அழித்துவிடுவதில்லை. 'மூத்தவர்' என்ற தகுதியே கீழ்ப்படிதலைக் கோரும் உரிமையாகும் இடத்தில், அது எந்த அமைப்பின் அறையாக இருந்தாலும், பகடிவதைக்கு நிலம் பண்பட்டுவிடுகிறது. இளைய தோழர் மூத்த தோழரை மறுத்துப் பேசவும், அவர்மீது புகார் சொல்லவும் வழி இருக்கிறதா என்பதே ஓர் அமைப்பின் உட்கட்சி ஜனநாயகத்துக்கான எளிய சோதனை.

ஆகவே ஒவ்வொரு கிளையும் செய்யத்தக்க சில வேலைகள் உண்டு. பிள்ளைகளும் இளைஞர்களும் அணுகுவதற்கு இருவரைப் பொறுப்பாக்கலாம். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். அவ்விருவர் மீதே புகார் எழுமானால் அதைக் கேட்க, கிளைக்கு வெளியே ஒருவர் பெயரையும் அறிவிக்கலாம். வயது வந்தவர் தனியறையில் பிள்ளையோடு தனித்திராமல், பிறர் பார்வைக்கு எட்டும் இடத்தில் பேசுவதை விதியாக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதியினர் பெண்கள். பெற்றோராக உள்ள தோழர்கள் அக்குழுக்களில் பங்கேற்று, பகடிவதைப் புகார்களை ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிலும் சேர்க்கலாம். கல்லூரிகளில், அறுவருக்கு ஒரு வழிகாட்டி என்ற விதி செயல்படுகிறதா என்று மாணவர் அமைப்புகள் எழுத்தில் கேட்கலாம். செயல்படாத இடங்களில் தாமே தொடங்கலாம்.

இவை பெரும் போராட்டங்கள் அல்ல, செய்தித்தாளில் வரமாட்டா. ஆனால் தன்னைக் கேட்க ஒருவர் உண்டு, கேட்ட பின் தன்னோடு நிற்பார் என்று அறிந்த பிள்ளையே நாளை தொழிற்சாலை வாயிலிலும் வயல்வரப்பிலும் அநீதியைக் கண்டு பேசத் துணியும். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் அந்த இருவரின் பெயர்களை ஒவ்வொரு கிளையும் முடிவு செய்யட்டும்.